எண்பது கிலோ காதுக்கருவி

நாடாளுமன்ற வரிக்குழுவின் அறையில் எல்லோருக்கும் பேச உரிமை உண்டு. சுருக்கெழுத்தம்மாளுக்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம்தான். பென்சிலை உயர்த்தி, "ஐயா, மறுபடியும் சொல்லுங்க" என்று அவர் சொல்லலாம். சொன்னால், பேசியவர் அமைச்சரே ஆனாலும் திரும்பச் சொல்லித்தான் ஆகவேண்டும். குறிப்பில் ஏறாத முடிவு முடிவே அல்ல என்பது அந்த அறையின் பழைய விதி.

அந்த ஒற்றை வாக்கியத்தையும் அம்மாள் இரண்டு வருஷமாகத் தொடவில்லை. காது நன்றாக இருந்த காலத்தில், காதில் விழவில்லை என்று தைரியமாகச் சொன்னவர்தான். இப்போது உண்மையிலேயே விழுவதில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் ஒரு பழைய கருவி கூந்தலுக்குள் ஒளிந்திருந்தது. பாதி நேரம் உழைத்தது, மீதி நேரம் விசிலடித்தது. உதட்டசைவைப் பார்த்து அம்மாள் மிச்சத்தை ஒப்பேற்றி வந்தார். உறுப்பினர்கள் புதிதாக எதையும் சொல்லாதவர்கள் என்பது கடவுள் செய்த பேருதவி. ஒருவர் "மாண்புமிகு தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தாலே அடுத்த நாற்பது வரியும் அம்மாளின் கைக்குத் தெரியும்.

ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. காது கேட்காதவருக்குச் சுருக்கெழுத்து மேசையில் இடமில்லை என்று எந்த விதியிலும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள்.

வீட்டில் இந்தச் சங்கடம் இல்லை. கணவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். முப்பது வருஷம் மைதானத்தில் கத்திய தொண்டை. அவர் "காப்பி" என்றால் எதிர்வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

"புதுசா ஒண்ணு வாங்கிடுவோம்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அவர், ஒரு சனிக்கிழமை.

"மெதுவாங்க. தெருவுக்கே தெரியணுமா?"

"இது மெதுவாத்தான்!"

இருவருமாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் புதுக் கருவியைப் பஞ்சுப் பெட்டிக்குள்ளிருந்து குஞ்சை எடுப்பதுபோல் எடுத்து அம்மாளின் காதில் பொருத்தினார். தெருவில் யாரோ யாரிடமோ வழி கேட்பது கேட்டது. அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. விலையைக் கேட்டதும் தெளிந்துவிட்டது.

"யோசிக்காதீங்கம்மா, இப்பவே எடுத்துக்கங்க," என்றார் கடைக்காரர். "இதுக்கு இறக்குமதி வரி கிடையாது. அதனாலதான் இந்த விலை. அந்தச் சலுகையைத் தூக்கப்போறாங்களாம். தூக்கிட்டா இதே சாமான் ரெட்டை விலை."

"யாரு தூக்கறாங்க?" என்று கணவர் கேட்டார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"நாடாளுமன்றத்துல ஏதோ குழுவாம் சார். ஒவ்வொரு சலுகையையும் பிரிச்சு மேயறாங்களாம்."

அம்மாள் கருவியைக் கழற்றிப் பஞ்சுப் பெட்டியில் திருப்பி வைத்தார். அந்தக் குழு அக்கறையோடு பிரித்து மேய்வது பிஸ்கட் பொட்டலம் ஒன்றைத்தான் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் அவர். ஊழியர் சங்கத்தில் கேட்டிருந்த கடன் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். அதற்குள் சலுகை போனால் கருவி இல்லை. கருவி இல்லாவிட்டால் இன்றோ நாளையோ மேசையும் இல்லை. "கடவுளே, ஒரு மாசம் மட்டும் அவங்களைத் தூங்க விடு" என்று அன்றிரவு வேண்டிக்கொண்டார். அந்தக் குழுவுக்காகச் செய்யப்பட்ட வேண்டுதல்களில் நடக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை குழு விழித்துக்கொண்டது.

விழிக்கக் காரணம் இருந்தது. பத்து வருஷம் முன்பு நல்ல மனம் படைத்த ஒரு நிதியமைச்சர், காது கேளாதவர்கள் படும் பாட்டைப் பார்த்து இந்த விலக்கைக் கொண்டுவந்தார். நல்ல மனம் இருந்த அளவுக்கு அவரிடம் சந்தேக புத்தி இல்லை. 'ஒலியைப் பெருக்கி மனிதக் காதுக்குக் கொண்டு சேர்க்கும் எந்தக் கருவிக்கும் வரி இல்லை' என்று முப்பத்தேழாம் பிரிவில் எழுதிவிட்டார். ஒலிபெருக்கி வியாபாரிகள் அந்த வரியைப் படித்தார்கள். பிறகு நடந்தது, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

குழுவில் ஓர் உறுப்பினரைக் கணக்குப்புலி என்பார்கள். மசோதாவை உண்மையிலேயே படித்துவிட்டு வருகிற கெட்ட பழக்கம் அவருக்கு மட்டும் உண்டு. வியாபாரிகள் சார்பில் சாட்சி சொல்ல வந்திருந்த வக்கீலை அவர் ஒரு காகிதத்தோடு எதிர்கொண்டார்.

"வக்கீல் சார், போன வருஷம் இந்த நாட்டுக்குள்ள வந்த காதுக்கருவியில ஒண்ணோட எடை எண்பது கிலோ. அதை எந்தக் காதுல மாட்டுவீங்க?"

"ஐயா, மாட்டணும்னு சட்டம் சொல்லலையே. கொண்டு சேர்க்கணும்னுதான் சொல்லுது. எங்க கருவி நாலு தெரு தாண்டியும் கொண்டு சேர்க்குது."

"கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்தானே அது?"

"கல்யாணத்துக்கு வயசானவங்க வருவாங்கய்யா. பாதிப் பேருக்குக் காது மந்தம். தனித்தனியா மாட்டறதுக்குப் பதிலா மொத்தமா மாட்டிவிடறோம். ஒருவகையில இது சேவை."

"மந்தம் இல்லாத மீதிப் பேரு?"

"நிகழ்ச்சி முடியறதுக்குள்ள அவங்களுக்கும் தேவைப்பட்டுடும்யா."

அறை சிரித்தது. குழுத் தலைவர் வக்கீலுக்கும் தலையாட்டினார், கணக்குப்புலிக்கும் தலையாட்டினார். அவர் வயதானவர், நல்லவர். யார் பேசினாலும் தலையாட்டுவார். அதனால் நடுநிலை தவறாதவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாளின் கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஒரேயடியாக அடங்கிப்போனது. அறை கண்ணாடித் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

தேநீர் வண்டி வாசலுக்கு வந்திருந்தது. முடிவுகளெல்லாம் பிறப்பது அப்போதுதான். வண்டியைப் பார்த்ததும் சொற்களை விழுங்கி, மூன்று வாக்கியத்தை ஒரே மூச்சில் முணுமுணுத்து முடிப்பது அந்தக் குழுவின் வழக்கம். கணக்குப்புலிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஓட்டையை அடைக்க உட்கார்ந்தால் தேநீர் ஆறிவிடும். சுவரையே இடித்துவிட்டால் ஓட்டை எங்கே இருக்கும்? அவர் உதடுகள் அசைந்தன. அம்மாள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'பிரிவு முப்பத்தேழு அடியோடு நீக்கப்படுகிறது, ஆட்சேபம் இல்லை, ஏற்கப்பட்டது.' தலைவர் தலையாட்டினார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

அம்மாளின் பென்சில் தாளுக்கு மேலே நின்றது. எழுதினால் சட்டம்.

'மறுபடியும் சொல்லுங்க' என்று சொன்னால் என்ன? ஆனால் என்ன சொன்னார் என்று தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நடிக்கலாமா? பொய்க்கு அம்மாள் பயந்தவர். ஒரு கணம் தன்னைத் தானே விசாரித்துப் பார்த்தார். காதில் ஏதாவது விழுந்ததா? ஒரு சொல்கூட விழவில்லை. அப்படியானால் இரண்டு வருஷமாக, விழுந்த மாதிரி எழுதிக்கொண்டிருந்ததுதான் பொய்.

பென்சிலை உயர்த்தினார்.

"ஐயா, மறுபடியும் சொல்லுங்க."

எழுந்தவர்கள் பாதியில் நின்றார்கள். கணக்குப்புலி முணுமுணுத்தார். பென்சில் இறங்கவில்லை. சற்று உரக்கச் சொன்னார். அப்போதும் இறங்கவில்லை. குழுச் செயலர் அம்மாளின் மேசைக்கு ஓடிவந்து குனிந்தார்.

"என்னம்மா இது? எல்லாரும் டீக்கு நிக்கறாங்க."

அம்மாள் எழுந்து நின்றார். கூந்தலை ஒதுக்கிக் கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எனக்குக் காது கேக்காதுங்க ஐயா. ரெண்டு வருஷமா இதை வெச்சுத்தான் ஓட்டறேன். இப்ப இது நின்னுபோச்சு. கொஞ்சம் பக்கத்துல வந்து சொல்லிடுங்க, எழுதிக்கறேன்."

செயலரின் முகம் வெளுத்தது. கணக்குப்புலி வேறு வழியில்லாமல் மேசைவரை வந்தார். அம்மாளின் முகத்துக்கு நேராக நின்று குரலை உயர்த்தினார்.

"காது கேக்காதவங்களுக்கான கருவிக்குக் குடுத்த சலுகையை..."

அதற்கு மேல் வரவில்லை. காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போன வாக்கியம் ஒரு மனுஷியின் முகத்துக்கு நேரே நகர மறுத்தது. அவர் கெட்டவர் அல்ல. கணக்கை மட்டும் பார்த்தவர். அதற்கு ஒரு காது இருக்கும் என்று நினைக்காதவர்.

"என்ன சொல்றாரு?" என்று தலைவர் செயலரைக் கேட்டார். "எந்தச் சலுகை?"

"நீங்க ஏத்துக்கிட்டதுதான் சார். முப்பத்தேழு."

"நான் ஏத்துக்கிட்டேனா?" தலைவர் மெல்ல எழுந்து அம்மாளிடம் வந்தார். உள்ளங்கையிலிருந்த கருவியை எட்டிப் பார்த்தார். "இது வலிக்குமாம்மா, போட்டா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அம்மாள் உதட்டைப் படித்தார். "வலிக்காதுங்கய்யா. முதல் வாரம் கொஞ்சம் கூச்சமா இருக்கும்."

"அந்தக் கூச்சம்தான் எனக்கு மூணு வருஷமா," என்றார் தலைவர். பிறகு அறையைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கும் சரியாக் கேக்காதுப்பா. செயலர் தலையாட்டினா நானும் ஆட்டுவேன்."

"சார்," என்றார் செயலர் கலங்கிப்போய், "நீங்க ஆட்டறதைப் பாத்துத்தான் நான் ஆட்டுவேன்."

வரலாற்றிலேயே முதன்முறையாகத் தேநீர் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

மூலையில் தபால் உறைகளை நிறுக்கும் சின்னத் தராசு இருந்தது. கணக்குப்புலி தானே போய் எடுத்து வந்து, அம்மாளிடம் அனுமதி கேட்டுக் கருவியை அதில் வைத்தார். ஏழு கிராம். கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று வரம்பை ஐம்பது கிராமாக வைத்தார்கள். 'காதில் அணியத்தக்கதும், ஐம்பது கிராமுக்கு மேற்படாததுமான கருவி' என்று கணக்குப்புலி தன் கையாலேயே எழுதி, அம்மாள் முன்னால் நின்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பென்சில் ஓடியது.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றார் வக்கீல். "ஐம்பது கிராம்ங்கறது மொத்தக் கருவிக்கா, ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்குமா?"

"காதுல அணியறதுன்னு இருக்கே சார்!" என்றார் கணக்குப்புலி.

"ஒவ்வொண்ணா அணிஞ்சு காட்டிடலாம்யா," என்று சொல்லி வக்கீல் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மாள் மேசைமேல் ஒரு குறிப்பாணை இருந்தது. செவித்திறன் பரிசோதனைக்குப் போகவேண்டும். போனார், தோற்றார். தகுதிக் குறைவு காரணமாக மேசையிலிருந்து மாற்றலாமா என்று கேட்டுச் செயலர் கோப்பு அனுப்பினார். அவர்மேலும் தப்பில்லை, விதிப்படி அனுப்பித்தான் ஆகவேண்டும். தலைவர் அதை வாசித்துவிட்டு, 'இதே பரிசோதனையைத் தலைவருக்கும் செய்து, இரண்டு முடிவுகளையும் சேர்த்து அனுப்புக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு மேல் அந்தக் கோப்பை எந்த மேசைக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. அது படுத்துவிட்டது. கோப்புகள் உறங்குவதைப் பெரிய பாவம் என்பார்கள். சில உறக்கங்களுக்குத் தாலாட்டுப் பாடுகிறவர் மேலே இருக்கிறார் என்று அம்மாள் நம்பினார்.

அடுத்த மாதம் சங்கக் கடன் வந்தது. சலுகை விலையிலேயே புதுக் கருவி வாங்கினார். வாங்கிய மறுநாளே தலைவரிடம் போய், "ஐயா, இப்ப எனக்கு நல்லாக் கேக்குது. பழையபடி பேசலாம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார்.

தலைவர் தன் காதில் புதிதாக மாட்டியிருந்ததை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்மா. அவங்க உரக்கப் பேசிப் பழகட்டும்."

ஆகவே பழகினார்கள். சுருக்கெழுத்து மேசை அறையின் நடுவுக்கு நகர்ந்தது. பேசுகிறவர் எழுந்து, அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றாகிவிட்டது. அந்தக் கூட்டத்தொடரில் குழுவின் வேலை பாதியாகக் குறைந்ததாகச் செயலர் கவலைப்பட்டார். திருத்தங்கள் ஏராளமாக வந்தன. எழுந்து நின்ற பிறகுதான் பல உட்கார்ந்துவிட்டன.

ஒரு புதன்கிழமை, சொந்தமாக மூன்று விடுதிகள் வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். கையில் புதுச் சலுகை ஒன்றைக் கேட்கும் காகிதம் இருந்தது.

"மலைமேல, ஏரிக்கரையில, நாற்பது அறைக்கு மேற்பட்ட, ஏழை எளிய..." என்று ஆரம்பித்தார்.

அம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. அடுத்த சொல்லுக்காகப் பென்சிலோடு அன்பாகக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

உறுப்பினர் காகிதத்தை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார்.

"அடுத்த பிரிவுக்குப் போயிடலாம் தலைவரே," என்றார் உரக்க.

அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார் அம்மாள்.