நாற்பதாவது பெயர்

மாலை ஐந்து மணிக்குள் ஆறாம் வகுப்பில் நாற்பது பெயர் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது முப்பத்தொன்பது. ஒன்று குறைந்தாலும் வகுப்பைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். கணக்கு டீச்சரும் அதன் பின்னாலேயே போக வேண்டும், தினமும் இரண்டு பஸ் மாறி.

அதனால் மதியத்திலிருந்து டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "சராசரி மதிப்பெண்ணைப் பத்தி மூச்சு விடாதீங்க. மரம் இருக்கு, லைப்ரரி இருக்குன்னு சொல்லுங்க" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

நாலரைக்குத் தையற்காரம்மாவின் கடை. மூலையில் அவர் மகள் பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவளைத் தனியார்ல போட்டாச்சு டீச்சர்" என்றார் தையற்காரம்மா, மிஷினை மிதித்தபடி. "அங்க எல்லாருமே பாஸ். உங்க ஸ்கூல்ல எப்படி?"

"பெரிய பெரிய மரமெல்லாம் இருக்கும்மா."

"மரமா பரீட்சை எழுதுது?"

டீச்சர் அசடு வழிந்தார்.

"உங்க பொண்ணு எங்க படிக்கிறா?"

"எங்ககிட்டதான். ஏழாவது."

"கணக்குல எவ்வளவு?"

எழுபது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எண்ணில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"முப்பத்தொண்ணு."

மிஷின் நின்றது. "நீங்க சொல்லிக் குடுத்துமா?"

"நான் சொல்லிக் குடுக்கறதாலதான்னு அவ சொல்றா."

தையற்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் இறங்கியது. "அப்படியும் வெளிய அனுப்பலையா?"

"எதுக்கு அனுப்பணும்? வராத பிள்ளைய மறுபடி மறுபடி உக்கார வெச்சு சொல்லித்தருவோம். எல்லாரையும் வெச்சுக்கறோம், அதான் சராசரி இந்த லட்சணத்துல கிடக்கு."

"இவளை அந்தத் தனியார் ஸ்கூல்ல அனுப்பிட்டாங்க டீச்சர். ரிசல்ட்டைக் கெடுத்துடுவாளாம். அஞ்சாவது முடிஞ்சதும் டி.சி.யைக் கையில குடுத்துட்டாங்க. வெளிய சொல்லவே கூச்சமா இருந்துச்சு."

பித்தான் டப்பாவை மூடிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "நான் வந்தா உங்க சராசரியும் குறையுமே?"

"குறையட்டும். நீ முதல்ல செருப்பை மாட்டு."

மூவரும் பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். தலைமையாசிரியர் முகம் மலர்ந்து, பழைய மதிப்பெண் தாளைப் பார்த்ததும் வாடியது.

"கணக்குல பதினெட்டா? டீச்சர், நம்ம சராசரி!"

"வகுப்பே இல்லன்னா சராசரியை வெச்சு என்ன சார் பண்றது? எழுதுங்க, மணியாகுது."

அவர் பேனாவை உதறினார். மை வரவில்லை. டீச்சர் தன் கைப்பையைத் துழாவி, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை நீட்டினார். பதிவேட்டில் சிவப்பு மை கூடாது என்று சொல்லத் தலைமையாசிரியர் வாயெடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

"பிறந்த தேதி சொல்லும்மா" என்றார். ஐந்தடிக்க மூன்று நிமிடம் இருந்தது.