திருவிருந்து நடக்காத மூன்று ஆண்டுகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் நல்லவர்கள். கனடாவில் இருக்கும் எங்கள் சிறிய மெனோனைட் கிறிஸ்தவ சபைக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு. வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு. 1945 முதல் மூன்று ஆண்டுகள் திருவிருந்து ஏன் நடக்கவில்லை என்ற இடத்தில் பேனா நின்றது. விழாக்குழுச் செயலாளர் தீனா வழி சொன்னாள்.

"பனின்னு எழுதிருங்கண்ணே. யார் மனசும் நோகாது."

"நம்ம மானிடோபாவுல ஜூன்லகூடவா பனி?"

"வெளியூர்க்காரங்க நம்புவாங்கண்ணே."

2

கடும் பனியின் காரணமாக... (அடித்துவிட்டேன்.)

யுஸ்தினா டேவ்ஸ் பிடிவாதக்காரி என்பதால்... (இதையும். பொய்யில்லை, ஆனால் போதாது.)

3

திருவிருந்துக்கு முந்தின ஞாயிறு, சபையை நடத்தும் மூப்பர் ஒவ்வொருவரையும் கேட்பார்: எல்லாரோடும் சமாதானமா? ஒருவர் இல்லையென்றாலும் அப்பம் பிட்பதில்லை. மெனோனைட்டுகள் நாங்கள் ஆயுதம் தொடாதவர்கள். யுஸ்தினாவின் மகன் போருக்குப் போனான். மூப்பர் ரெம்பெல் சபை உறுப்பினர் ஏட்டில் அவன் பெயரை அடித்தார். திரும்பி வந்தவன் மன்னிப்புக் கேட்கவில்லை. 1945இல் அந்தக் கேள்வி வந்தபோது யுஸ்தினா எழுந்து, "இல்லை" என்றார்.

"சமாதானம்னு ஒரு வார்த்தைதானேக்கா, சொல்லிட்டு உட்காருங்க" என்றார் முன்வரிசை கொர்னேலியுஸ்.

"அவன் பேரும் ஒரு வார்த்தைதான். நீ எழுதிட்டு உட்காரேன்."

யுஸ்தினாவை விலக்கிவிட்டுத் திருவிருந்தை நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. நாற்பத்தொரு பேர் மூன்று ஆண்டுகள் அப்பமும் திராட்சரசமும் இன்றி இருந்தோம். பொய் சொல்லி வாங்கிக்கொள்ள எவரும் துணியவில்லை. இந்தப் பெருமையைப் பனிக்குக் கொடுக்க என் கை வராது.

4

1948, இலையுதிர் காலம். கேள்வி தொடங்குமுன் யுஸ்தினா எழுந்தார்.

"எங்களையெல்லாம் கேக்கறீங்க மூப்பரே, உங்களை யாரும் கேட்டதில்லையே. என் மகனோட உங்களுக்குச் சமாதானமா?"

மூப்பர் யுஸ்தினாவைப் பார்த்தே சொன்னார்.

"இல்லைம்மா."

5

பிறகு மூப்பர் ஏட்டைத் திறந்து, அடித்த பெயர் தெரியும்படி மேசையில் வைத்தார். பேனாவையும் வைத்தார். முன்வரிசைப் பக்கம் திரும்பி, இவனோடு சமாதானமா என்று அதே கேள்வியைக் கேட்டார். கொர்னேலியுஸ் எழுந்தார். தன் பதிலைச் சொன்னார்.

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் நான். என் பதிலை எழுதினால் அதையே முடிவென்று வைத்துக்கொள்வீர்கள், ஆகவே எழுதவில்லை. பெஞ்சில் சற்று நகர்ந்துகொள்கிறேன், உட்காருங்கள். எனக்குப் பிறகு உங்களைத்தான் கேட்பார்.