விஜிலா பிரேக்கை மிதித்தார்

வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பங்கு இல்லத்தின் முன்னறையில் கூடியிருந்தவர்கள்: பங்குத்தந்தை டெரன்ஸ் சாமி, ஜன்னலுக்கு முதுகு காட்டி, மேசையின் தலைப்பக்கம். அவருக்கு வலப்புறம் கிளைட்டன் அண்ணாச்சி. நாற்பது வருடமாக விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவர், கைப்பிடி போன நாற்காலிதான் அவருக்குப் பிடிக்கும். எதிர்ப்பக்கம் இனிகோ, சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் மோட்டார்மேன், விடுப்பில் வந்திருந்தார். அவரை அடுத்து பிளாரன்ஸ். தையல் நிலையம் நடத்துபவர். வாசலை ஒட்டிய பெஞ்சின் நுனியில் விஜிலா. மேசையின் கடைசியில், பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு, குழுவின் செயலர் பர்னபாஸாகிய நான்.

விஜிலாவை மேசைக்கு வரச் சொல்லி பிளாரன்ஸ் இரண்டு முறை கூப்பிட்டார். "இங்கனயே இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குழுவுக்கு சூசையப்பர் உதவிக் குழு என்று பெயர். மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களின் வண்டிகளைக் கோயில் வளாகத்தில் வைத்துப் பார்த்துக் கொடுக்கிறோம். டயரில் காற்று, எஞ்சின் ஆயில், பேட்டரித் தண்ணீர், விளக்கு, வைப்பர். இதைத் தொடங்கியவர் பிளாரன்ஸ். கணவர் இறந்த வருடம் அவர் ஒரு பட்டறைக்கு வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். "வீட்டுல ஆம்பள யாரும் இல்லையாக்கா? வரச் சொல்லுங்க, வந்தாத்தான் வெவரம் சொல்ல முடியும்" என்றானாம் அங்கே இருந்தவன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே கோயிலுக்கு வந்தவர், பூசை முடிந்து வெளியே வந்த கிளைட்டன் அண்ணாச்சியை வழிமறித்துப் பிடித்துக்கொண்டார். அப்படித் தொடங்கியது. எங்கள் பதிவேட்டில் கணவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை எடுத்தவன் நான்தான். கயத்தாறு பள்ளிக்கூடத்தில் கடிதமும் விண்ணப்பமும் எழுதப் பழகியவன் நான். தேதி, இடம், பொருள், வரிசை எண் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. ஆனாலும் அந்தக் கட்டம் இல்லாமல் இருப்பது நல்லது என்று பட்டது.

விஜிலாவுக்கு முப்பத்துநான்கு வயது. கணவர் மஸ்கட் போய் ஆறு வருடம். போன் நின்று நான்கு வருடம். பழைய ஆம்னி வண்டி ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய் வருவார். காலையில் எட்டுப் பிள்ளைகள், மாலையில் அதே எட்டு. அவருடைய இரண்டு பெண்களும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

அக்டோபர் ஆறாம் தேதி திங்கள் காலை, அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட் முன்னால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பத்தடி தள்ளிப் போய்த் தூணில் முட்டியது. இரண்டாம் வகுப்பு ருமைஸாவுக்கு நெற்றியில் மூன்று தையல். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. விஜிலா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று பள்ளியில் சொன்னார்கள். ஓட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். தீபாவளி கழிந்து புதன்கிழமை நிர்வாகக் கூட்டம்; அதில் முடிவு. அந்த வேலை போனால் விஜிலாவுக்கு வேறு வேலை இல்லை. தூணில் முட்டிய பெண்ணை நம்பி இந்த ஊரில் வேறு எந்தப் பள்ளியும் பிள்ளைகளை ஏற்றிவிடாது.

அதற்காகத்தான் வந்திருந்தார். கோயிலிலிருந்து ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும்.

"எழுதிட்டியளா பர்னபாஸ்?" என்று சாமி கேட்டார்.

"எழுதிட்டேன் சாமி."

"வாசியும்வே" என்றார் கிளைட்டன் அண்ணாச்சி. "நீரு கமா வச்சு முடிக்கதுக்குள்ள அவ மவ காலேஜு போயிருவா."

நான் வாசித்தேன். இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எமது பங்கைச் சேர்ந்த விஜிலா என்பவர் நல்லொழுக்கமும் இறைப்பற்றும் உள்ளவர். ஆதரவற்ற நிலையிலும் தம் மக்களை நல்ல முறையில் வளர்த்து வருபவர். வண்டியை மிகவும் கவனமாக...

அங்கே நிறுத்திவிட்டேன்.

"என்னாச்சு, எழுத்து தெரியலையா?" என்று பிளாரன்ஸ் கேட்டார்.

எழுத்து தெரிந்தது. அன்று பிற்பகல், விஜிலா எந்த மாதத்திலிருந்து வருகிறார் என்று கடிதத்தில் குறிப்பதற்காகப் பதிவேட்டைப் புரட்டியிருந்தேன். அக்டோபர் ஐந்து, ஞாயிறு. வரிசை எண் நான்கு. என் கையெழுத்து. விபத்துக்கு முந்தைய நாள். அந்த வரியை மூன்று தரம் படித்த பிறகும், கடிதத்தை எழுதி முடித்துக் கூட்டத்துக்கு எடுத்து வந்திருந்தேன். அதை இங்கே ஒளிப்பதற்கில்லை.

"அண்ணாச்சி" என்றேன். "இந்த வரிய ஒரு தரம் கேளுங்க. 'பின் சக்கரம் இரண்டும் கழற்றி, கைப்பிரேக் கேபிள் சரிசெய்யப்பட்டது. அடியில் உள்ள இரும்பு அனைத்துக்கும் பழைய ஆயில் பூசப்பட்டது. ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, டிரம் உட்புறம் இரண்டு.'"

கிளைட்டன் அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னது, திரும்ப வாசியும்."

"டிரம் உட்புறம் இரண்டு."

அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "உள்ள அடிச்சீராவே?"

"உள்ளயும் துரு இருந்துச்சு. நீங்க ஒண்ணு விடாம அடிக்கச் சொன்னிய."

சொன்னது உண்மை. மழைக்காலம் வருகிறது, உப்பளத்துக் காற்றில் எந்த வண்டிக்கும் அடிப்பாகம் நிற்காது என்று சொல்லி, பிரஷ்ஷையும் டின்னையும் என் கையில் தந்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாத ஓர் ஆட்டோவைப் பார்க்க அவர் போய்விட்டார். கீழே உள்ள இரும்பு ஒன்று விடாமல் அடித்துவிடும் என்றார். நான் ஒன்று விடவில்லை. ஒவ்வொன்றையும் அடித்து, ஒவ்வொன்றையும் எழுதினேன். பிரேக் ஷூ உரசிச் சக்கரத்தைப் பிடிக்கிற இடம் அந்த டிரம்மின் உட்புறம்தான் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. பிறகு இனிகோ வந்து டிரம்மை மாட்டிச் சக்கரத்தை முடுக்கினார்.

விஜிலாவின் வீடு அடுத்த தெரு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லோரும் நடந்தோம். ஆம்னி முன்பக்கம் நசுங்கிச் சுவரோரம் நின்றது. அண்ணாச்சி ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். டிரம்மைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி உருவினார். உள்ளே பெருவிரலை வைத்துத் தேய்த்து, வெளியே எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார். விரல் கறுப்பாக மினுங்கியது.

"நம்ம டின்னு ஆயிலுதான்" என்றார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "போட்டுக்கு ஏது பிரேக்கு? எஞ்சின அமத்துனா தண்ணியே புடிச்சுக்கிடும். இரும்பக் கண்டா எண்ணெயப் போடுன்னுதான் எங் கைக்குத் தெரியும். இவருகிட்ட பிரேக்குல மட்டும் படக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையே."

விஜிலா வீட்டுப் படியில் நின்றிருந்தார். "அப்போ நான் மிதிச்சேன்" என்றார்.

ஒரு படி கீழே இறங்கினார்.

"பத்து நாளா எல்லாரும் கேக்காவ, பிரேக்கா ஆக்சிலேட்டரா எத மிதிச்சன்னு. மொதல்ல பிரேக்குதான்னு சொன்னேன். பொறவு எனக்கே சந்தேகம் வந்துட்டு. அடுப்புப் பக்கம் நிக்கையில எங் காலு தன்னால மிதிச்சு மிதிச்சுப் பாக்கு. மும்தாஜ் அக்கா மூஞ்சியப் பாக்க முடியாம சந்து வழியாப் போயி வாரேன்." ருமைஸாவின் அம்மாதான் மும்தாஜ். "ஞாயித்துக்கெழம வண்டிய எடுக்கையிலயே மிதி கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. கோயில்ல பாத்துக் குடுத்த வண்டி, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எனக்கு நல்லவள்னு சர்டிபிகேட்டு கேட்டு உங்க வாசல்ல வந்து உக்காந்துருக்கேன். என்ன கேவலம் பாத்தியளா?"

பிளாரன்ஸ் அவர் தோளைத் தொடப் போனார். விஜிலா நகர்ந்துகொண்டார்.

தெருவில் வைத்தே பேச்சு தொடங்கியது. வண்டிக்குப் புது பிரேக் ஷூ போட்டு, நன்னடத்தைக் கடிதத்தையும் கொடுத்துவிட்டால் போதாதா என்றார் இனிகோ.

"எதுக்கு எல்லாத்தையும் எழுதணும்? போலீஸு கேஸுன்னு வந்துட்டா நவம்பர்ல நான் கப்பல் ஏற முடியுமா? டிரம்ம மாட்டுனது நான்லா. அதோட இந்தக் கொமிட்டிய நம்பி எத்தன பேரு வண்டி விடுதாவ? நாளைக்கு ஒருத்தர் வருவாவளா?"

"வராண்டாம்" என்றார் பிளாரன்ஸ். "பொம்பளைக்கு வண்டி தெரியாதுன்னு பட்டறைக்காரன் சொன்னாம்னுதான இத ஆரம்பிச்சோம். இப்போ நம்ம தப்ப மறைக்க அதயே நாம சொல்லுதோம். ஓட்டத் தெரியாம முட்டிட்டா, ஆனா நல்ல பொண்ணு, மன்னிச்சு விட்டுருங்கன்னு. அப்படித்தான ஏலே அந்தக் கடுதாசி?"

இனிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாமி யோசித்தார். "கோயில் லெட்டர்ஹெட்டுல போறதுன்னா ஆயர் இல்லத்துல ஒரு வார்த்த கேக்கணும். திங்கள் தீபாவளி. செவ்வாக்கெழம போயி..."

"புதங்கெழம கூட்டம் சாமி" என்றார் விஜிலா.

சாமி கழற்றிக் கிடந்த டிரம்மைப் பார்த்தார். "சரி. வெள்ளைத் தாள்ல எழுதுங்க. குழு முத்திரை எங்கிட்டதான இருக்கு. நான் வைக்கேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

திரும்பிப் போய் மேசையில் உட்கார்ந்தோம். இனிகோ வரவில்லை. விஜிலா இந்த முறை பெஞ்சுக்குப் போகாமல் எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாற்பது வருடத்தில் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். துறைமுகத்து ஏஜென்ட் ஆபீசில் வேலை. சரக்கு நனைந்தால், மூட்டை குறைந்தால், கப்பல் பிந்தினால், எல்லாவற்றுக்கும் கடிதம். அதிலெல்லாம் தவறு நேர்ந்துவிட்டது என்றுதான் எழுதுவோம். யார் செய்தது என்று வராது. அன்று பேனாவை எடுத்ததும் கை அதே பழைய வாக்கியத்துக்குத்தான் போனது. அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

ஐயா, ஆதரவற்ற பெண்களுக்கு உதவும் நோக்கில் அக்டோபர் ஐந்தாம் தேதி எங்கள் குழு பார்த்துக் கொடுத்த மேற்படி வண்டியின் பின்பிரேக் டிரம் இரண்டின் உட்புறமும் பர்னபாஸாகிய நான் பழைய ஆயில் பூசினேன். அதனால் மறுநாள் வண்டி நிற்க வேண்டிய தூரத்தில் நிற்கவில்லை. இன்று டிரம்மைக் கழற்றி நாங்கள் நேரில் பார்த்து உறுதி செய்தோம். விஜிலா பிரேக்கை மிதித்தார். தவறு அவருடையது அல்ல.

"எம் பேர மொதல்ல போடும்" என்றார் கிளைட்டன் அண்ணாச்சி. "சொன்னது நான்."

"செஞ்சது நான் அண்ணாச்சி."

"நான் சொல்லாம நீரு பிரஷ்ஷத் தொட்டிருப்பீரா? காத்தடிக்கப் பயப்படுத ஆளு நீரு."

"வயசு வரிசையில போடுங்க, சண்ட போடாதீங்க" என்றார் சாமி. அப்படியே போட்டேன். டிரம்மை மாட்டியது யார் என்று நான் எழுதவில்லை. அது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

எழுதியதை விஜிலாவிடம் நீட்டினேன். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது என்னது அண்ணாச்சி? 'ஆதரவற்ற பெண்களுக்கு உதவும் நோக்கில்'."

"குழுவோட நோக்கம்மா" என்றேன். "எப்பவும் அப்படித்தான் எழுதுவோம்."

"எடுத்துருங்க. எம் பேருக்குப் பொறவு ஓட்டுநர்னு போடுங்க. லைசென்ஸ் நம்பரு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. மூன்றாவது தாள் எடுத்தேன். அவர் எண்ணைப் பார்க்காமலே சொன்னார், நான் எழுதினேன். எழுதி முடித்த பிறகு, "மும்தாஜ் அக்காவுக்கும் ஒண்ணு வேணும்" என்றார். இன்னொரு பிரதியையும் கையாலேயே எழுதினேன். சாமி இரண்டிலும் முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை தபால் ஆபீசுக்குப் போகும் வழியில் விஜிலாவின் தெருவைக் கடந்தேன். ஆம்னிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் புது பிரேக் ஷூ பெட்டி பிரித்துக் கிடந்தது. கிளைட்டன் அண்ணாச்சி குந்தியிருந்து, பெட்ரோல் நனைத்த துணியால் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால்கள் இனிகோவுடையவை. நான் நின்றது தெரிந்திருக்கும். வெளியே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

விஜிலா எனக்கு முன்னாலேயே தபால் ஆபீசுக்கு வந்திருந்தார். இரண்டு உறைகளையும் வாங்கி, உள்ளே தாள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். நான் பசை தடவிக் கொடுக்க, மடிப்பை அவரே ஒட்டி, உள்ளங்கையால் ஓரம் ஓரமாக அழுத்தினார். ஒட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"ரெண்டும் ரிஜிஸ்டரா?" என்று கேட்டார் கவுண்ட்டரில் இருந்தவர். "பள்ளிக்கூடம் பக்கத்து ரோடுலதான? கையிலயே குடுத்துரலாமே."

"குடுத்ததுக்கு ஒப்புகை வேணும்" என்றேன்.

அவர் எடை போட்டார். ஸ்டிக்கர் ஒட்டினார். விஜிலா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, உறைகள் இரண்டும் மற்றக் கடிதங்களோடு பைக்குள் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.