காகத்துக்கு வைச்ச சோறு

விடிய எழும்பிச் சமைச்சதும் நான்தான், அந்தச் சோத்தை வான் வண்டிக்குள்ள ஒளிச்சு வைச்சதும் நான்தான். இனி ஆரைக் குறை சொல்ல?

அண்டைக்குச் சித்திரா பௌர்ணமி. தாயை இழந்த ஆக்கள் பிடிக்கிற விரதம். காகத்துக்குப் படைச்சுப்போட்டுத்தான் நாங்கள் வாயில ஏதும் வைக்கலாம். நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில காகத்துக்கு என்ன பஞ்சம்? பல்கனிக் கதவைத் திறந்தால் போதும், கூப்பிடாமலே வந்து நிண்டு கத்துங்கள். ஆனால் பௌர்ணமிப் போயா லீவெண்டபடியால் என்ர மகள் ஹம்சிகா அண்டைக்குப் பாத்துத்தான் என்னைத் தெற்குக் கரையில இருக்கிற பறவைச் சரணாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள்.

அவள் அங்கதான் கம்பஸ் படிப்புக்கு ஆராய்ச்சி செய்யிறாள். டொக்டராகு எண்டு தலைகீழா நிண்டு பாத்தனான், கேட்டாளே? "குருவிக்குப் பின்னால திரிஞ்சு என்னத்தைக் கண்டனி" எண்டு நான் பேசாத பேச்சில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா" எண்டு அவள் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியா ஓமெண்டனான்.

வானை விட்டு இறங்க முதலே சொன்னவள்: "அம்மா, சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் வெளியில எடுக்காதேங்கோ. ஒரு பிஸ்கட் துண்டு கூட. காகம் வந்திடும்."

"சரியடி, நானென்ன சின்னப் பிள்ளையே?"

மணல் மேட்டுக்குப் பின்னால குந்தியிருந்து, என்ர கழுத்தில பைனாகுலரைக் கொழுவிவிட்டாள். வெறும் மணல். "அந்தச் சிப்பிக்குப் பக்கத்தில பாருங்கோ." கையகலத்தில ஒரு குழி, அதுக்குள்ள புள்ளி போட்ட ரெண்டு முட்டை. கூடுமில்லை, ஒரு மண்ணுமில்லை. பக்கத்தில ஒரு சின்ன வெள்ளைக் குருவி, ஆலாவாம், வெயிலுக்குத் தன்ர நிழலைக் குடுத்துக்கொண்டு நிண்டுது.

"உள்ளுக்கிருந்து கீச்சிடுது அம்மா. இண்டைக்கோ நாளைக்கோ பொரிச்சிடும். மற்றக் குழியெல்லாம் நாய் கிளறிப்போட்டுது. இதுதான் மிஞ்சினது." சோதினை பாஸ் பண்ணினபோதும் அவளின்ர முகத்தில அப்பிடியொரு சந்தோசத்தை நான் காணேல்லை.

பிறகு அவள் மற்றப் பக்கம் எதையோ அளக்கப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. பசி ஒரு பக்கம், மத்தியானம் தாண்டினால், காகமா வாற என்ர செத்துப்போன அம்மா பட்டினியோட திரும்பிப் போயிடுவாவோ எண்ட பயம் இன்னொரு பக்கம். காகத்துக்கு வைக்கிறது சாப்பாடே? அது படையல். அவள் சொன்னது பிஸ்கட்டை. அப்பிடி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வானடிக்குப் போய்ச் சோத்துப் பார்சலை எடுத்தன். வான் ஓடுற மஜீட் நானா கண்டவர்.

"அன்ரி, மகள் வாணாமெண்டு சொன்னவதானே?"

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" எண்டு சுள்ளெண்டு விழுந்தன்.

வாழையிலைத் துண்டில சோறு, பருப்பு, அம்மாவுக்கு விருப்பமான வாழைக்காய்ப் பொரியல். "கா, கா" எண்டு மெல்லமாக் கூப்பிட்டன். ஒண்டு வந்தது. தலையைச் சரிச்சுப் பாத்திட்டு, முதல் பொரியலைத்தான் தூக்கினது. அம்மாவேதான்! எனக்குக் கண் கலங்கிப் போச்சு. "சாப்பிடணை அம்மா" எண்டன். பிறகு எங்கயிருந்தோ ஒரு பட்டாளமே வந்து இலையைத் துடைச்சுது.

துடைச்ச பிறகும் அதுகள் போகேல்லை. மணலில நடந்து நடந்து தேடத் தொடங்கிச்சுதுகள். நான் சேலைத் தலைப்பை வீசிக்கொண்டு ஓடினன். ஆலா கத்திக் கத்திக் காகங்களின்ர தலையில விழுந்து கொத்திச்சுது. ஒண்டைத் துரத்த மற்றது வந்தது. ஒரு முட்டையை அதிலயே உடைச்சுத் திண்டுதுகள். மற்றதைக் கவ்விக்கொண்டு ஒரு காகம் என்ர தலைக்கு மேலாலதான் பறந்தது.

ஹம்சிகாவும் சரணாலயக் காவலரும் ஓடி வந்தினம். இலையைக் கண்டிட்டு அவர் அதட்டினார்: "கவுத பத் தெம்மே?" சோறு போட்டது ஆரெண்டு கேக்கிறார். காலி வீதிக் கடைக்காரரோட நாள் முழுக்கச் சிங்களத்தில பேரம் பேசுற எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

ஹம்சிகா இலையைப் பாத்தாள். என்ர நெத்தித் திருநீறைப் பாத்தாள்.

"மம, சேர்" எண்டாள். நான்தான் எண்டு.

அவர் அவளின்ர அனுமதி அட்டையைக் கழட்டித் தரச் சொன்னார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாமாம். அவள் கழட்டிக் குடுத்தாள். நான் பாத்துக்கொண்டு நிண்டன். பெத்த தாய், பாருங்கோ.

வானுக்குள்ள ஏறின பிறகு மிச்சப் பார்சலை எடுத்து என்ர மடியில வைச்சாள்.

"காகம் சாப்பிட்டிட்டுதுதானே அம்மா. இனி நீங்கள் சாப்பிடலாம்."

குத்திக் கதைக்கேல்லை. எனக்குப் பசிக்குமெண்டு நினைச்சு உண்மையாவே சொன்னவள். அதுதான் என்னைக் கொன்றுபோட்டுது.

கழுத்தில இன்னும் தொங்கின பைனாகுலரால பாத்தன். ஆலா திரும்பி வந்து, அந்த வெறும் குழியில, முட்டை இருக்கிறமாதிரி நெஞ்சைப் பதிச்சுக் குந்தியிருந்தது.

"மஜீட் நானா, வானை எடுக்காதேங்கோ."

"எங்க போறீங்கள் அம்மா?" எண்டு அவள் கேக்கக் கேக்க இறங்கி நடந்தன். காவலருக்கு முன்னால போய் நிண்டு சொன்னன்: "எயா நெமெய், மஹத்தயா. மம." அவளில்லை, நான்.

அவர் என்னை மேலும் கீழும் பாத்திட்டு, ஏன் செய்தனீங்கள் எண்டு கேட்டார். அம்மாவுக்கு எண்டு சொல்ல வாயெடுத்தன். அவருக்குப் பின்னால, தூரத்தில, அந்தத் தாய் ஆலா இன்னும் வெறும் குழியில குந்தியிருந்தது. அந்தச் சொல்லு என்ர வாயில வரேல்லை.