மூன்றாம் எண் பாட்டில்

மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் ஒயின் பாட்டிலுக்குச் செய்தித்தாள் சுற்றும் வேலை எப்போதும் என் கணவருடையது. அன்றைக்கு மருந்துக்கடையில் சரக்கு வந்து இறங்கியதில் அவருக்குத் தலை நிமிர நேரமில்லை. "நீயே எதையாவது ஒண்ண எடுத்துச் சுத்திக் கொண்டு வந்துடும்மா. நான் கடையிலேர்ந்து நேரா வந்துடறேன்" என்று போனில் சொன்னார். எதையாவது ஒன்று. இருபத்தேழு வருடம் கூடவே குடும்பம் நடத்தியவளிடம் அப்படியெல்லாம் சொல்லலாமா? ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஃப்ரிட்ஜின் தலைமேல் பிஸ்கட் டின்னுக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவில் தூசி படிந்து நின்றிருந்த பாட்டிலை இறக்கினேன். வார மலரின் குறுக்கெழுத்துப் பக்கத்தைக் கிழித்துக் கழுத்துவரை சுற்றி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டேன். செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்று தெரிந்தது. இருந்தாலும் கை நிற்கவில்லை.

அந்த பாட்டிலுக்கு ஒரு ஜோடி உண்டு. எங்கள் கல்யாணத்தன்று என் அண்ணன் ஒரே பெட்டியில் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். லேபிளில் காதை விறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கழுதை. "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. இருபத்தஞ்சாவது வருஷம் ரெண்டையும் ஒண்ணா உக்காந்து திறக்கறோம். அதுவரைக்கும் எந்தக் கழுதையும் தொடக்கூடாது" என்றார். யார் அந்தக் கழுதை என்று மச்சானும் மாப்பிள்ளையும் பல வருடம் வம்பளந்திருக்கிறார்கள். அண்ணன் நில அளவையர். காப்பிக்குச் சர்க்கரை போடுவதைக்கூட ஸ்பூனைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் போடுவார். என் கணவருக்கு மாத்திரையைத் தவிர வேறு எதையும் எண்ணிக் கொடுத்துப் பழக்கமில்லை, முக்கியமாகப் பேச்சை. ஆனாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒயின் பைத்தியம் பிடித்தது. மாதம் ஒருமுறை கூடி ருசி பார்க்கும் எங்கள் கூட்டத்தை ஆரம்பித்ததே அவர்கள் இரண்டு பேரும்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அண்ணன் மகள் கல்யாண வரவேற்பு. அதற்கான ஒயினை அண்ணன் மூன்று மாதம் அலைந்து திரிந்து தேர்ந்தெடுத்திருந்தார். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள் என்று என் கணவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாம் பிரமாதம். ஒயின் மட்டும்தான் வினிகர். சாலடுக்கு வாங்கினத மச்சான் மாத்தி ஊத்திட்டார் போல" என்றார். கூட்டம் சிரித்தது. சம்பந்தி வீட்டார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த கிளாஸை மேசைமேல் வைத்தார். அன்று முழுக்க அதை அவர் மறுபடி எடுக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. "ஜோக்குக்கெல்லாம் யாராவது மன்னிப்பு கேப்பாங்களா?" என்றார் இவர். "நான் யாரையும் எதுவும் கேக்கலையே பாப்பா" என்றார் அவர். இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபத்தில், இருட்டு அலமாரியில் பத்திரமாகப் படுத்திருந்த அந்த பாட்டிலை எடுத்து, என் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஃப்ரிட்ஜ் மேல் நிறுத்தினேன். அங்கே சூடு ஏறும், நிற்க வைத்தால் கார்க் காய்ந்துபோகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். கோபத்தில் வைத்தேன், பிறகு மறந்தேன். இருபத்தைந்தாவது வருடம் வந்தபோது அண்ணன் போனில் இரண்டு நிமிடம் வாழ்த்தினார். கழுதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இருவரில் ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. நின்றவர் தோற்றவர் என்று நினைத்தார்களோ என்னவோ. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம், அதே ரெஸ்டாரண்டில், அதே நீள மேசை. அண்ணன் ஜன்னல் ஓரத்துக் கோடியில், இவர் சமையலறைக் கதவுப் பக்கத்துக் கோடியில். நடுவில் பல் டாக்டரம்மாவும், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்கும், நானும். "அவர்கிட்ட அந்த பிரெட் கூடையக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க டாக்டர்" என்பார் இவர். டாக்டரம்மா சொல்லுமுன்பே கூடை நகர்ந்து வரும். காது கேட்கும், வாய்தான் பேசாது.

எங்கள் முறை எளிமையானது. ஆளுக்கொரு பாட்டில், எல்லாம் செய்தித்தாள் சுற்றி. ரெஸ்டாரண்ட் முதலாளியம்மா உள்ளே வைத்துத் திறந்து, தாள்மேல் எண் போட்டு எடுத்து வருவார். திறக்கும்போது அவருக்கு என்ன வாசம் அடித்தாலும் முகத்தில் காட்டக்கூடாது என்பது விதி. எல்லோரும் ருசித்து, பேசாமல் ஒரு சீட்டில் கருத்தும் மார்க்கும் எழுதி என்னிடம் கொடுப்பார்கள். பெயர் சொல்லாமல் அதை உரக்கப் படிப்பது என் வேலை. அரை வாய்க்குமேல் குடிக்காதவள் என்பதால் எனக்கு அந்தப் பதவி. யார் எழுத்து எது என்று எனக்குத் தெரியும். ஒரு தில்லுமுல்லும் செய்து வந்தேன். வினிகர் என்ற சொல் என் கணவருக்கு வாய்ப்பாடு மாதிரி, பிடிக்காத எல்லாவற்றுக்கும் அதைத்தான் எழுதுவார். ஒன்பது வருடமாக அந்த இடம் வரும்போதெல்லாம் "புளிப்பு" என்று மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காதில் அந்தச் சொல் இன்னொரு முறை விழ வேண்டாம் என்றுதான்.

அன்றைய கூட்டம்தான் அண்ணனுக்குக் கடைசி. வியாழக்கிழமை விமானம். அண்ணி முன்னாலேயே வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார், இனி அங்கேதான் இருக்கப்போகிறார்கள். திரும்பி வருவேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போவதற்குள் இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும். தாளைப் பிரித்ததும் கழுதையைப் பார்ப்பார்கள். பார்த்தால் பேசாமல் இருக்க முடியுமா? உள்ளே இருப்பது கெட்டுப் போயிருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. குடிக்கவா கொண்டு போகிறேன், காட்டத்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இவர் கடையிலிருந்து மருந்து வாசனையோடு வந்து சேர்ந்தார். "என்ன கொண்டு வந்தே?" என்று காதோரம் கேட்டார். "சொல்லக்கூடாதுன்னு விதி" என்றேன். மெக்கானிக் அன்று முழுக்க ஒரு லிஃப்ட் குழிக்குள் கிடந்துவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. வாசம் குழம்பும் என்று டாக்டரம்மா அவரை இரண்டாம் முறை கை கழுவ விரட்டினார். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பட்டியில் மடிப்புகூடக் கலையவில்லை. பயணத்துக்கு வாங்கியதாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜன்னலைத் திறக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டு வந்தேன்.

ஒன்றும் இரண்டும் சுமாராகப் போயின. மூன்றாவதாகக் குறுக்கெழுத்துக் கட்டம் போட்ட பாட்டில் வந்தது. கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்க வேண்டும், முதலாளியம்மா வடிகட்டி வைத்து ஊற்றினார். விதிப்படி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் எனக்கு ஊற்றும்போது என்னைப் பார்க்காமல் ஊற்றினார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். நிறம்கூடப் பழுப்பாகியிருந்தது. அரை வாய் வேண்டாம், ஒரு சொட்டே போதுமாக இருந்தது. சீட்டுகள் வந்தன.

"பேட்டரிக்கு ஊத்தலாம்" என்று மெக்கானிக். "காலம் கடந்துவிட்டது, பாவம்" என்று டாக்டரம்மா. மூன்றாவது என் கணவருடையது: "வினிகர். இதை வைத்திருந்த ஆளுக்கு மூளை என்று ஒன்று கிடையாது." தன் பாட்டில் எது என்று தெரியாமல் தன்னையே திட்டி எழுதியிருந்த அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுவதா சிரிப்பதா? "புளிப்பு அதிகம். வைத்திருந்த விதம் சரியில்லை" என்று படித்தேன். கடைசிச் சீட்டு அண்ணனுடைய சின்ன எழுத்து. "திறக்க வேண்டிய நாளில் திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்." அதை மாற்றிப் படிக்க எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. இருக்கிறபடியே படித்தேன்.

நான்காவது வந்தது. வறுத்த கோழியைக் கடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டார். என் கணவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெகுநேரம் பென்சிலைக் கடித்துவிட்டு அவர் எழுதிக் கொடுத்தது: "இதை இவ்வளவு நாள் காப்பாற்றியவருக்கு என் வணக்கம். இன்னும் ஒரு வாய் கிடைக்குமா?" ஒரு எழுத்து மாற்றாமல் படித்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தால் அண்ணனின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அது அவருடைய பாட்டில் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த பாட்டில் என்றுதான் தெரியவில்லை.

அதிக மார்க் வாங்கியதை முதலில் பிரிப்பது வழக்கம். முதலாளியம்மா நான்காம் எண்ணின் தாளை உரித்தார். காதை விறைத்துக்கொண்டு கழுதை நின்றது.

நான் ஸ்டூலில் ஏறி எடுத்த அதே நாளில், ஊரை விட்டுப் போகுமுன் கடைசியாக என்று அவரும் தன்னுடையதை எடுத்திருக்கிறார். என் கணவர் கையிலிருந்த முள்கரண்டியை மெதுவாக வைத்தார். கழுதையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதக் கொண்டு வந்தே?" என்றார். என் கண் மூன்றாம் எண்மேல் போய் நின்றது. அவரே கையை நீட்டி மூன்றாம் எண்ணை இழுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் குறுக்கெழுத்துப் பக்கத்தைக் கிழித்தார்.

"ரெண்டும் ஒரே ஒயினா? அதெப்படி, ஒண்ணு அமிர்தம், ஒண்ணு..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வரவேற்பு நாளில் பார்த்திருக்கிறேன். அவர் கொடுத்ததை இவர் இப்படித்தான் வைத்திருந்தார் என்ற நினைப்போடு அவர் விமானம் ஏறப்போகிறார். நானே என் கையால் தாளில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன். "அண்ணா, நான்தான். அவர் மேல ஒண்ணும் இல்ல. நான்தான் கோவத்துல ஃப்ரிட்ஜ் மேல..."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் என் கணவர். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் டாக்டரம்மாவை நடுவில் வைத்துச் சொல்லவில்லை. "அவதான் அங்க வச்சா. அவளுக்கு எட்டாது, மறந்துட்டா. எனக்குக் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. தெனம் காலைல பால் எடுக்கும்போது பாப்பேன். படுக்க வைக்கணும்னு தெரியும். அதக் கையில எடுத்தா உங்களுக்குப் போன் பண்ணாம இருக்க முடியாது. அதனால எடுக்கல." கிழிந்த தாளைக் கசக்கினார். "தப்பு என்னோடதுதான் மச்சான். இதுவும். அன்னிக்குச் சொன்னதும்."

நான் கட்டிக்கொண்டு வாழும் ஆளா இது என்று இருந்தது. ஒன்பது வருடம் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டு இந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் மூன்றாம் எண்ணைக் கேட்டுக் கையை நீட்டினார். மெக்கானிக் அதை எடுத்துக் கொடுத்தார். பாட்டிலில் மீதியிருந்ததில் அண்ணன் தன் கிளாஸுக்கு முக்கால்வாசி ஊற்றினார். "வேணாங்க, வயித்துக்கு ஆகாது" என்றார் டாக்டரம்மா. அவர் கேட்கவில்லை. ருசி பார்ப்பவர்கள்போல் சுழற்றவுமில்லை, முகரவுமில்லை. தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு பெரிய வாய் குடித்தார். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அது புளிப்பினால் வந்ததுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாப்கினால் உதட்டை ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒம்பது வருஷமா புளிப்பு புளிப்புன்னு படிக்கறியே பாப்பா. அவர் என்ன எழுதியிருப்பார்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு மேசையின் அந்தக் கோடியைப் பார்த்தார்.

"வினிகரேதான், மாப்ள."

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். தன் காலிக் கிளாஸை எடுத்துக்கொண்டு, டாக்டரம்மாவையும் என்னையும் கடந்து, ஜன்னல் பக்கத்துக் கோடிக்குப் போய் நின்றார். கிளாஸை நீட்டினார். எதிலிருந்து ஊற்றுவது என்று அண்ணன் யோசிக்கவே இல்லை. இடது கையில் தன் கிளாஸைத் தூக்கிக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு, அதற்குச் சரிசமமாக வரும்வரை, ஒற்றைக் கண்ணை மூடி அளந்து, அந்தப் பழுப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டிலுக்குள் உதிர்ந்து கிடந்த ஒரு கார்க் துணுக்கு, கிளாஸ் நிறைய நிறைய, அதோடு சேர்ந்து மேலே வந்துகொண்டிருந்தது.