குஞ்சுக்கோழியைச் சுற்றிய கறை

“முதல்ல அந்தக் கறையைத் துடைச்சிட்டு அனுப்பும்மா. சுவர்ல மாட்டலாமா வேணாமான்னு அப்புறம் பேசலாம்.”

சுதாகர் ராவின் குரல்செய்தியை பிரவல்லிகா மறுபடியும் போட்டுக் கேட்டாள். அனந்தபூரில் வான்படக் கண்காட்சி நடக்கப்போகிறது. படம் பொறுக்குகிறவர் அவர். அவள் அனுப்பியிருந்தது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அவள் ஊரான கதிரிப் பக்கம் அதற்குக் குஞ்சுக்கோழி என்று பெயர். பழைய கேமரா, வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் ஒரு குட்டி மோட்டார், வீட்டுக் கொல்லை. அவளிடம் இருந்தது அவ்வளவுதான். பல ராத்திரிகள் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, நீல நட்சத்திரங்களுக்கு வெளியே இரண்டு கறைகள் எழுந்து வந்தன. வலது மேல் மூலையில் வளையம்போல் ஒன்று. இடது பக்கம் பழுப்புப் புகைபோல் இன்னொன்று.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் பேச்சைத் திருத்திக்கொள் என்றார்கள். சோலார் கம்பெனி நேர்காணலில் உடுப்பைத் திருத்திக்கொள் என்றார்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள்; எல்லாரும் அவளைத் துடைக்கத் துணியோடுதான் நின்றார்கள். இப்போது வானத்தையுமா?

“கறை இல்லை சார். ரெண்டும் வானத்துல இருக்கு. இல்லைன்னு ஆச்சுன்னா படத்தை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்” என்று கண்காட்சிக்கான வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்கப் பதில் போட்டாள்.

போட்ட பிறகுதான் யோசித்தாள். வானத்தில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கறை மூன்று இடங்களிலிருந்து வரலாம். கேமராவுக்குள் தூசி. வெளியே ஏதாவது வெளிச்சம். இரண்டும் இல்லையென்றால் வானம். வெளிச்சம் என்றால் பக்கத்து வீட்டு ராமாஞ்சுலுதான். எருமைக் கொட்டகையில் கல்யாணப் பந்தலுக்குப் போடுகிற மாதிரி ஒரு விளக்கைப் போட்டிருந்தார்.

சாயங்காலம் இருட்டியதும் வேலியோரம் போய் நின்றாள். “மாமா, அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் அணைங்க.”

“எருமை பயப்படும்மா.”

“எருமையா, நீங்களா?”

“உங்கம்மா வாய் அப்படியே வந்திருக்கு உனக்கு” என்றபடி அணைத்தார். “நட்சத்திரத்துக்கு என் விளக்கு கண்ணைக் கூசுதாக்கும்!”

தூசியைப் பிடிக்க வழி யோசித்துக்கொண்டே ராகிக் களியான சங்கடியைப் பிசைந்தாள். எதிரே அம்மா ஓபுலம்மா மூக்குக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இருந்த கீறலும் கூடவே திரும்பியது. சுவரில் இருந்த கீறல் அங்கேயே இருந்தது. பிரவல்லிகா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள்.

“கையாவது கழுவிட்டுப் போடி!”

கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து, செங்குத்தாக நிற்கும்படி பூட்டினாள். கறை கேமராவுடையது என்றால் அதுவும் கூடவே சாயும்; படத்தில் அதே மூலையிலேயே நிற்கும். வானத்துடையது என்றால் நட்சத்திரங்களை விட்டு அசையாது. இவ்வளவு எளிய சோதனை ஏன் முன்பே தோன்றவில்லை? தன்மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு அது மறந்தே போயிற்று. என்ன வரும் என்று பார்க்கும் அரிப்புதான் மிச்சம்.

கோழி உச்சியை நோக்கி ஏறியது. மோட்டார் அதன் பின்னாலேயே போனது.

மறுநாள் ஞாயிறு. புதுப் படங்களை அடுக்கி, பழைய படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

வளையம் அதே வலது மேல் மூலையில் இருந்தது. நட்சத்திரங்கள் மொத்தமும் சாய்ந்திருக்க, அது மட்டும் சட்டத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூசி. அவள் கேமராவில் இருந்த தூசி. முகம் சுட்டது.

புகை? அதைப் பார்க்கவே ஒரு கணம் மனம் வரவில்லை. பிறகு பார்த்தாள். நட்சத்திரங்களோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. விளக்கு அணைந்த பிறகும் இருந்தது. கோழி ஏற ஏற, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை அதே நட்சத்திரங்களை ஒட்டியே இருந்தது.

வளையத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் சற்று நின்றது. பிறகு இரண்டு படங்களையும் குழுவில் போட்டு எழுதினாள்: “வளையம் என் கேமரா அழுக்கு. நான் சொன்னது தப்பு. அதனால படத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா புகை வானத்துடையது. அதை நான் துடைக்கமாட்டேன்.”

அரை நாள் கழித்து சுதாகர் ராவே கூப்பிட்டார்.

“அழுக்குன்னு நீயே சொன்னே பாரு, அதான் மத்ததையும் உட்கார்ந்து பார்த்தேன். நட்சத்திரத்துக்கு நடுவுல கிடக்கிற தூசும்மா அது. அந்த வெளிச்சம் பட்டுத் தெரியுது.”

“அப்போ துடைக்கச் சொன்னது?”

“இத்தனை நாள் நானும் துடைச்சிட்டுதான் இருந்தேன்” என்று சிரித்தார். “பின்னணி கறுப்பா இருந்தாதான் அழகுன்னு நினைப்பு. வாபஸெல்லாம் வேணாம். லென்ஸ்மேல வெள்ளைத் துணியைக் கட்டி வெறும் வெளிச்சத்தைப் படம் எடு; அதுல தூசி மட்டும் விழும், அதைக் கழிச்சா வளையம் போயிடும். புகையை விட்டுடு. சுவர்ல இடம் இருக்கு.”

அப்பாவின் வெள்ளை வேட்டியை மடித்து லென்ஸின்மேல் கட்டிக்கொண்டிருந்தபோது ஓபுலம்மா பின்னால் வந்து நின்றாள். “என்னடி, கடைசில அழுக்கா இல்லையா?”

“ஒண்ணு நம்ம வீட்டு அழுக்கு. இன்னொண்ணு அங்கேயே கிடக்கிற தூசு.”

“கோழி இருக்கிற இடத்துல தூசு இல்லாம? கிளறாமலா இருக்கும்!”

பிரவல்லிகா சிரித்துவிட்டாள். கணினித் திரையில் புகை இடது ஓரம்வரை போய், சட்டத்தோடு அறுந்து நின்றது. அதற்கு அப்பால் எதுவரை கிளறி வைத்திருக்கிறது? இருட்டியதும் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு முன் எருமைக்கு இன்னொரு தடவை சமாதானம் சொல்லியாக வேண்டும்.