நேரில் பார்த்தவர்: பிரவீனா

காலை பதினோரு மணிக்கு காங்கேயத்து விவசாயி முத்தாத்தாளின் போன் வந்தபோது பிரவீனா ஆர்.எஸ்.புரம் அலுவலகத்தில், நாட்டின் பயிர் வரைபடத்தில் அந்த வாரத்து மழை அளவுகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க அம்மணி, நம்ம பக்கம் பயிரு நல்லாருக்குதுன்னு ரிப்போர்ட்டு வந்திருக்குதாமா. அதனால மாட்டுக்கு வறட்சித் தீவனங் குடுக்கற மையம் இங்க கெடையாதுன்னுட்டாங்க. அடியில உங்க பேருதானுங்க இருக்குதாம்.”

இரண்டு வாரம் முன்பு செயற்கைக்கோள் படத்தில் காங்கேயத்து மானாவாரிச் சோளக்காடுகள் பச்சையாகத் தெரிந்தன. சோளம் நன்றாக இருக்கிறது என்றது கணினி. சந்தேகப்பட்டு நேரில் போனாள். புரட்டாசியில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகியிருந்தது. பிந்தி வந்த மழைக்குப் பச்சையாக முளைத்ததெல்லாம் பார்த்தீனியக் களை. முத்தாத்தாள் வெயிலில் கூடவே நான்கு காடு நடந்து, காய்ந்த சோளத்தட்டைப் பிடுங்கிப் படமெடுக்கக் காட்டினார். “நீங்க பாத்துப்போட்டீங்கல்ல, போதுமுங்க” என்று பஸ் ஏற்றிவிட்டார்.

‘பயிர் கருகிவிட்டது’ என்று எழுதி, நாற்பது படங்களோடு பூஜிதாவிடம்தான் கொடுத்தாள். வேளாண் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறை. இங்கே அறிக்கையை முடித்து அனுப்புகிறவள் அவள். இப்போது வெளியான அறிக்கையைத் திறந்தாள். ‘காங்கேயம்: இயல்பு நிலை. நேரில் பார்த்தவர்: பிரவீனா.’

“மாத்துனது நீயா?”

பூஜிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு சொன்னா, மொத்த மேப்பையும் சந்தேகப்படுவாங்க பிரவீ. நாடு பூராவும் பாக்கறோம். ஒரு வட்டாரம்தானே.”

“செரி. என் பேரை எதுக்கு உட்டுவெச்சே?”

“நேர்ல பாத்தவ நீதானே.” குரல் தணிந்திருந்தது. “பேரில்லாட்டி யாரு நம்புவாங்க?”

கோபம் உடனே வரவில்லை. கல்லூரியில் தான் மஞ்சள்காமாலையில் படுத்திருந்த மாதம், தன் கையெழுத்தைப் போலவே ரெக்கார்டு நோட்டு முழுவதையும் பூஜிதா எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வித்தியாசமே தெரியவில்லை என்று அன்றைக்குப் பிரவீனாதான் சிரித்திருந்தாள்.

மதியமே படங்களோடு தாலுகா அலுவலகத்துக்கு மறுப்பு அனுப்பினாள். மறுநாள் அங்கிருந்து போனில் ஒருவர் பணிவாகவே கேட்டார்: “அறிக்கையும் உங்களுது, மறுப்பும் உங்களுதுன்னா நாங்க எதைங்க நம்பறது? அடுத்த வெதைப்புப் பட்டத்துக்குப் பாக்கலாமுங்க.”

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். முத்தாத்தாளின் வாசலில் மாட்டு வியாபாரியின் வேன் நின்றது. ஒரு மாடு ஏற்கெனவே மேலே இருந்தது.

“வாங்க கண்ணு. தண்ணி குடிக்கறீங்களா?”

“அம்மா, நான் அப்படி எழுதலீங்க.”

“உடுங்க” என்றார் முத்தாத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

சாம்பல் நிற மயிலைப் பசு வேனில் சாய்த்திருந்த பலகையில் கால் வைக்க மறுத்து நின்றது. முத்தாத்தாள் கொட்டகைக்குள் போய், மிச்சமிருந்த ஒரு கை சோளத்தட்டைக் கொண்டுவந்தார். “செத்த நேரம் இதைப் புடிங்க அம்மணி” என்று கயிற்றைப் பிரவீனாவின் கையில் கொடுத்துவிட்டு, தட்டை வேனுக்குள் உதறினார். பசு கழுத்தை நீட்டியது. பிறகு முன்னங்காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தது. பிரவீனாவின் விரல்களுக்குள் கயிறு மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தது.